வற்றத்தில் இறங்கிய படகு

நம் தோட்டத்துத் தண்ணீர்ப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, படகு இறக்கும் ரேம்ப் ஓரத்தில் கிடக்கும் தென்னந்தண்டில் உட்கார்ந்துதான் நீங்கள் காலையில் ரொட்டி சானாய் தின்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தாராளமாக உட்காருங்கள். அந்தத் தண்டை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது என்று ஏன் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். கேட்டவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஞானம். இந்தத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியிருக்கிறேன், உரம் போட்டிருக்கிறேன், டிராக்டர் ஓட்டியிருக்கிறேன். கடைசியில் தண்ணீர்ப் பகுதியில் கழி பிடித்து ஓய்வு பெற்றேன். மற்ற வேலையெல்லாம் சோற்றுக்காகச் செய்தது. கழி பிடித்ததுதான் என் வேலை. "கொஞ்சம் அடக்கமா எழுதும்மா" என்று மகள் சொன்னாள். அடக்கத்தை அவள் எழுதும்போது அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் தோட்டத்தைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும். இது கடலை விடத் தாழ்ந்த நிலம். பௌர்ணமி, அமாவாசையில் கடல் பொங்கி ஆறு ஏறும் ஏற்றத்தின்போது பண்டின் மேல், அதாவது நம்மைக் காக்கும் மண்கரையின் மேல், ஏறி நின்று பாருங்கள். ஒரு பக்கம் ஆறு கரையை முட்டிக்கொண்டு நிற்கும். மறுபக்கம் அதை விடக் கீழே எண்ணெய்க்கான நம் செம்பனை மரங்களும் வீடுகளும் இருக்கும். நடுவில் இருப்பது மண்ணும் சில இரும்புக் கதவுகளும்தான். அந்தக் கதவு மேலே கீல் வைத்துத் தொங்குகிறது. ஆறு வற்றும்போது உள்ளேயிருக்கும் காட்டுத் தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். ஆறு ஏறும்போது அந்த ஆற்றுத் தண்ணீரே கதவை அழுத்தி மூடிவிடும். ஆள் வேண்டாம், கரண்டு வேண்டாம். குறுக்கே எதுவும் சிக்காமல் இருந்தால் போதும்.

சிக்கினால்தான் நம் வேலை. கதவில் சிக்கியதை எடுக்க வேண்டுமென்றால் ஆறு வற்றியிருக்கும்போதுதான் எடுக்க முடியும். அந்த நேரத்தில் படகை இறக்க, ரேம்ப்பிலிருந்து ஆற்றுக்குப் போகும் ஓடையில் தண்ணீர் இருக்காது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று சொல்வார்களே, நம் பிழைப்பு அப்படிப்பட்டது. கோலா சிலாங்கூரில் படகு வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் வற்றத்தில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஏற்றத்துக்குக் காத்திருப்பார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வற்றத்தில் டிரெய்லரை எப்படி இறக்குவது என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். டிராக்டர் மேலே காய்ந்த சிமெண்டில் நிற்கும். டிரெய்லரைக் கழற்றி, நீளக் கயிறு கட்டி, சிமெண்டு முடியும் விளிம்புக்கு அப்பால் சேற்றில் பலகை பாவி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அது கை வேலை, பழகினால் வந்துவிடும். நான் சொல்ல வருவது கழியைப் பற்றி.

சேற்றில் இறங்கிக் கழியால் அடிமண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டு நிற்பவர்தான் அந்த நேரத்துக்கு ரேம்ப்பின் முதலாளி. கழி நிமிர்ந்து நின்றால் கயிறு விடலாம். கழி குறுக்கே படுத்தால் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. கழி பிடித்தவரைத் தவிர வேறு யாரும் ரேம்ப்பில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கித் தர வேண்டும். தலைமை ஆபீசிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் "கொஞ்சம் இடது பக்கம்" என்று மட்டும்தான் சொன்னார். பாவம், கூட வந்தவர்களுக்கும் சேர்த்து வாங்கினார்.

எனக்கு முன் கழி பிடித்தவர் கம்போங் குவாந்தான் பக்கத்து மலாய்க்காரர். வயதில் எனக்கு இளையவர். மின்மினி பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டப் போகிறேன் என்று வேலையை விட்டுப் போனார். கழியை என் கையில் கொடுத்தபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம். "ஜாங்ஙான் லாவான் ஆயர், காக்." தண்ணீரோடு சண்டை போடாதே, அக்கா. நானோ சண்டைக்காரி. மண்டோர், ஆபீஸ் கிராணி, மீன் வண்டிக்காரர் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. தண்ணீரோடு மட்டும் இன்று வரை மல்லுக்கு நின்றதில்லை.

அந்த மலாய்க்காரர் காலத்தில் ஒரு மண்டோர், அதாவது கங்காணி, இருந்தார். வற்றத்தில் படகோடு திரும்பி வந்தவருக்குப் பொறுமை இல்லை. எஞ்சினை முழு வேகத்தில் முறுக்கி, படகை டிரெய்லர் மேல் ஒரே பாய்ச்சலாக ஏற்றிவிட்டார். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். அவருக்கு மீசை முறுக்க நேரம் போதவில்லை. எஞ்சின் பின்னால் பீய்ச்சிய தண்ணீர் சிமெண்டு விளிம்புக்கு அடியில் என்ன செய்தது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த முறை டிரெய்லரை இறக்கியபோது ஒரு சக்கரம் அவர் பறித்த குழியிலேயே விழுந்தது. "இழு இழு" என்று கத்தினார். டிராக்டர் இழுத்தது. அச்சு முறிந்தது. படகு செத்த எருமை மாதிரிச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. வேகமாக ஓடும் தண்ணீர் விளிம்பில் குழி பறிக்கும் என்பதை அன்று தோட்டமே கற்றுக்கொண்டது. இதை மறக்காதீர்கள், கதையில் திரும்ப வரும்.

இனி தென்னந்தண்டுக்கு வருகிறேன்.

மழை நின்று பல வாரங்கள் ஆகியிருந்த ஒரு வறட்சிக் காலம். அப்போது நம் பிரிவுக்கு இருந்த அசிஸ்டன்ட் மேனேஜர், முதல் கதவுக்கு உட்புறம் தடுப்புப் பலகைகளைப் போட்டு, பெரிய வாய்க்காலில் இருந்த நல்ல தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தார். மேட்டுக் காட்டில் அவர் புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளுக்கு அதுதான் கஞ்சி. தினமும் போய் வாய்க்காலை எட்டிப் பார்ப்பார். பால் காய்ச்ச அடுப்பில் வைத்தவர் பார்ப்பது போலப் பார்ப்பார். தலைமை ஆபீசைக் கேட்காமல் பலகையில் கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு.

நம் படகோட்டி ஆரோக்கியம் அன்று லீவில் இருந்தான். மறுநாள் அவன் மகளுக்குக் கல்யாணம். அவன் வீடு கீழ் லயத்து வீட்டு வரிசையில், மூன்றாம் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தோட்டத்தில் அதை விடத் தாழ்ந்த இடம் கிடையாது. கோயிலில் திருப்பலி முடிந்து விருந்து வீட்டு வாசலில் என்று பந்தல் போட்டிருந்தார்கள். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்த மைத்துனர்கள், பந்தலுக்கு இடைஞ்சலாக நின்ற பட்டுப்போன தென்னையை வெட்டி, தண்டை மூன்றாம் கதவுக்குப் போகும் சின்ன வாய்க்கால் ஓரத்தில் உருட்டிவிட்டு, பெரிய காரியம் முடித்தவர்களாகச் சாப்பிடப் போனார்கள். தண்டு சும்மா கிடக்குமா? வாய்க்காலுக்குள் சரிந்தது. ஆறு வற்ற வற்ற, வெளியே ஓடும் தண்ணீரோடு மெல்லப் போய், மூன்றாம் கதவில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொண்டது.

பண்டு சுற்றிப் பார்க்கப் போன நான்தான் அதைக் கண்டேன். கதவு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அன்று பௌர்ணமி. சாயங்காலம் பெரிய ஏற்றம். கதவு மூடாவிட்டால் உப்புத் தண்ணீர் நேராகக் கீழ் லயத்துக்குள் வரும். அசிஸ்டன்ட் சாருக்குப் போன் அடித்தேன். அவர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"எஸ்கவேட்டர வரச் சொல்லலாமா?" என்றார்.

"அது டிராக் அத்துப்போயி சபாக்குல ஒர்க்‌ஷாப்ல நிக்குது சார். வந்தாலும் இந்த எடத்துல பண்டு தாங்காது, சரிஞ்சிரும்."

"மேலேருந்து கயிறு கட்டி இழுத்தா?"

"உள்ளுக்கு இழுத்தா இன்னும் இறுகிக்கும். ஆத்துப் பக்கமிருந்து வெளிய இழுக்கணும். படகுதான் சார்."

அவர் ரேம்ப் இருந்த திசையைப் பார்த்தார். "இப்ப அங்க தண்ணியே இல்லையே. ஏறுற வரைக்கும் காத்திருந்தா?"

"ஏறுற தண்ணி கட்டைய உள்ள அமுக்கிரும். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

இதற்குள் ஆரோக்கியம் ஓடி வந்துவிட்டான். கையில் பந்தலுக்குக் கட்டும் வண்ண விளக்கு வயர். குனிந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. "அய்யோ, இது நம்ம வீட்டு மரம்லா!" என்றான். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. பந்தல், வீட்டில் அடுக்கி வைத்திருந்த அரிசி, பெண்ணுக்கு வாங்கிய கட்டில் பீரோ, வந்திறங்கிய உறவுக்கூட்டம், எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தன.

அப்போதுதான் நான் சொன்னேன். அதைச் சொன்ன அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. "சார், ஓடையில தண்ணி இல்ல. நம்ம வாய்க்கால்ல இருக்கு. மொதக் கதவுப் பலகையத் தூக்கி விட்டா, அது ரேம்ப்பத் தாண்டித்தான் ஆத்துக்குப் போகும். படக மெதக்க வச்சிரும்."

அவர் மேட்டுக் காட்டுப் பக்கம் திரும்பி நின்றார். "அந்தக் கன்னுங்களுக்கு வேற தண்ணி இல்ல, ஞானக்கா."

"தெரியும் சார். கன்னு வாடும். வீடு முங்காது."

அடுத்து அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. வேலை தெரிந்தவர்களுக்கே அவசரத்தில் தோன்றாத கேள்வி. "தண்ணி வர்ற நேரம் படகு ரெடியா இல்லேன்னா?"

"போச்சு சார். ஒரு வாட்டிதான். ரெண்டாவது வாட்டி விட வாய்க்கால்ல இருக்காது."

"ஓகே. நீங்க கழியத் தூக்குனதும் நானே பலகையத் தூக்குறேன். மேல யாராச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முதல் கதவுக்குப் போனார். பின்னால் அவர் பேச வேண்டியும் வந்தது. பேசினார். என் பெயரையோ ஆரோக்கியத்தின் பெயரையோ அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. அதிகாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

டிராக்டரில் ஷோஹேல். பங்களாதேஷிலிருந்து வந்து, தோட்டத்துத் தமிழையும் மலாயையும் ஒரே குழம்பாகப் பேசும் பையன். கை மட்டும் பூ மாதிரி. முட்டையை ஏற்றிக்கொண்டு போனாலும் உடையாது. நாங்கள் மூவரும் சேர்ந்து ரேம்ப்பில் பாசியைச் சுரண்டினோம், பலகை பாவினோம், கயிறு கட்டினோம். ஆரோக்கியம் படகில் ஏறி உட்கார்ந்தான். நான் முழங்காலுக்கு மேல் சேற்றில் இறங்கி, டிரெய்லரை விளிம்பு தாண்டிப் பலகை முடியும் இடம் வரை கொண்டுவரச் செய்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். பிறகு கழியை உயர்த்தினேன். தூரத்தில் கதவு மேல் நின்ற சார் குனிந்தார்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு பழுப்பாக, காய்ந்த மட்டையும் குப்பையும் சுமந்துகொண்டு தண்ணீர் வந்தது. என் முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறியது. நான் நினைத்தபடி படகின் பின்பக்கம் எழும்பியது. நான் நினைக்காதது, முன்பக்கம் எழும்பவில்லை. ஓடும் தண்ணீர் எழும்பிய பின்பக்கத்தைப் பிடித்து ஆற்றுப் பக்கமாகத் திருப்பத் தொடங்கியது. டிரெய்லர் பலகை மேல் ஒரு முழம் நகர்ந்தது.

"விடுக்கா! கயிற விடச் சொல்லு!" ஆரோக்கியம் கத்தினான்.

கழியைக் குறுக்கே போட்டேன்.

தம்பி தங்கைகளே, அந்த இடத்தைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் இருந்த கடைசித் தண்ணீர் என் இடுப்பைச் சுற்றி ஓடிப் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நொடியும் குறைகிறது. கயிறு விட்டால் படகு மிதக்கும் என்று யாருக்குமே தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கழி சொன்னது வேறு. பலகைக்கு அந்தப் பக்கம் குத்தியபோது கழி போய்க்கொண்டே இருந்தது, அடி தட்டவில்லை. கயிற்றை ஒரு சாண் விட்டிருந்தால் டிரெய்லர் பலகையை விட்டுக் கவிழ்ந்து, படகையும் சேர்த்துப் புரட்டியிருக்கும். வந்த தண்ணீரின் தலைதான் எங்களைத் தாண்டியிருந்தது, வயிறு இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஓடையில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு அது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? படகின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து அதை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாகத்தான் இருந்தது. கழி குறுக்கேதான் இருந்தது. மேலே டிராக்டர் ஒரு விரற்கடை நகரவில்லை. ஷோஹேலின் கண் கழியை விட்டு அகலவில்லை.

தண்ணீர் என் விலாவைத் தொட்டது. படகின் மூக்கு ஒரு முறை ஆடியது. பிறகு பாரம் என் தோளிலிருந்து போய்விட்டது. கழியை நிமிர்த்தினேன். ஆரோக்கியம் முன் கொக்கியைத் தட்டிவிட்டான். படகு வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சினைத் தூக்கி வைத்தபடியே துடுப்பால் தள்ளித் தள்ளி ஓடையைக் கடந்து ஆற்றில் நுழைந்தான். எஞ்சின் சத்தம் கேட்டபோதுதான் நான் மூச்சு விட்டேன். அங்கே சார் பலகைகளைத் திரும்பவும் போட்டு, மிச்சமிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் கதவில் நடந்ததை ஆரோக்கியம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்டின் வெளி முனையில் சுருக்குப் போட்டு நேராக இழுத்தானாம், அசையவில்லை. ஆடும் பல்லைப் பிடுங்குவது போலக் கொஞ்சம் இடமாக, கொஞ்சம் வலமாக இழுத்து இழுத்து ஆட்டினான். கடைசியில் அது நழுவி வந்தது. அங்கேயே விட்டால் ஏற்றத்தில் திரும்பவும் கதவுக்குப் போகும் என்று, படகுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே வந்தான். கெட்டிக்காரன்.

இதோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். ரேம்ப்பில் நின்ற எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். படகை இறக்கியவர்களை விட, ஏற்றும்போது அவசரப்பட்டுக் கெட்டவர்கள்தான் அதிகம். வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்த நேரம் மிகவும் ஆபத்தான நேரம்.

ஏற்றம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஓடையில் இன்னும் போதுமான ஆழம் இல்லை. ஆரோக்கியம் படகின் மூக்கைக் கொண்டுவந்து டிரெய்லர் மேல் பாதி ஏற்றிவிட்டான். நான் கழியால் குத்திப் பார்த்தேன். நாங்கள் திறந்துவிட்ட தண்ணீர் மண்டோரின் எஞ்சின் செய்த அதே வேலையைச் செய்திருந்தது. விளிம்புக்கு அடியில் குழி. பலகை ஒன்று போன இடம் தெரியவில்லை. டிரெய்லரின் ஒரு சக்கரம் குழிக்குள் இறங்கி, சிமெண்டு விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, தாரிக்?" ஷோஹேல் மேலிருந்து கேட்டான். இழுக்கவா என்கிறான்.

கழி குறுக்கே.

"என்னக்கா?" என்றான் ஆரோக்கியம். "ஏத்திட்டுப் போலாம்லா. வீட்டுல ஆளுங்க வந்துட்டாங்க. பொண்ணு தேடும்."

"சக்கரம் குழியில நிக்குது. இழுத்தா அச்சு போயிரும்."

"போனாப் போவுது, நாளைக்குப் பாக்கலாம்."

"கதவு மூடுதான்னு இன்னும் தெரியாது ஆரோக்கியம். கட்டை கெடந்த கெடையில கதவு வளைஞ்சிருந்தா? இன்னொரு வாட்டி போக வேண்டி வந்தா? படகு தண்ணியிலதான் நிக்கணும். பின்னுக்கு எறக்கு."

அவன் என்னை முறைத்துப் பார்த்தான். பிறகு ஒரு வார்த்தை சொன்னான். "ஒனக்கென்னக்கா. ஒன் வீடு மேல் லயத்துல இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. நான் வாயாடி, அதற்குப் பத்துப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தன. கழி நகரவில்லை. மகள் கல்யாணத்துக்கு முன்தினம் சேறு பூசிக்கொண்டு படகில் நிற்கும் தகப்பனுக்கு ஒரு கோபமாவது சொந்தமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே படகைப் பின்னால் எடுத்தான். ஷோஹேல் எஞ்சினை அணைத்தான். நாங்கள் காத்திருந்தோம். இத்தனை நேரம் தண்ணீருக்காக அலைந்த எங்களைத் தேடி இப்போது அதுவே வந்துகொண்டிருந்தது. பிடரி வரை சேறு அப்பிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மூன்று பேர். சும்மா நிற்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான வேலை.

சட்டைப் பையில் போன் அடித்தது. சார். மூன்றாம் கதவின் மேல் நின்றுதான் கூப்பிடுகிறார் என்று தெரியும். ஸ்பீக்கரில் போட்டேன். "சொல்லுங்க சார்" என்றேன். பதில் இல்லை. தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. "சார்?" என்றேன். அப்போதும் இல்லை. ஆரோக்கியம் படகிலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

தொம்.

இரும்பு இரும்பில் உட்காரும் சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பவும், தொம். அப்புறம் சளக்கென்ற சத்தம்கூட நின்றுவிட்டது. கதவு மூடிக்கொண்டது. ஆறே வந்து மூடிக்கொண்டது.

ஆரோக்கியம் படகில் அப்படியே உட்கார்ந்து, சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். ஷோஹேல் டிராக்டர் மேலேயே நின்று கை தட்டினான். எனக்கும் கண்ணில் தண்ணீர். ஏன் சார் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று பிறகு கேட்டேன். "நீங்க ரேம்ப்புல இருக்கீங்க. நான் வாயத் தொறந்தா தே தாரிக் வாங்கணும்லா" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா, எனக்கு இன்னும் தெரியாது. எதுவானாலும் சரி, ரேம்ப்பின் சட்டத்தை அவர் அளவுக்கு மதித்தவர் யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஓடை நிரம்பியது. தண்ணீர் டிரெய்லரின் பாரத்தைக் குறைக்க, பலகையைக் குழிக்குள் நெம்பிக் கொடுத்து, சக்கரத்தை அலுங்காமல் விளிம்புக்கு மேல் ஏற்றினோம். படகு அதன் இருக்கையில் வந்து உட்கார்ந்தது. ஷோஹேல் இழுத்தான். ஒரு கீறல் இல்லை. கடைசியாகத் தென்னந்தண்டையும் கயிறு கட்டி மேலே இழுத்துப் போட்டோம். அன்று போட்ட இடத்தில்தான் இன்று நீங்கள் உட்கார்ந்து தின்கிறீர்கள்.

கன்றுகளில் சில வாடிப்போயின. அதையும் சொல்ல வேண்டும். ஒரு நல்ல முடிவு எல்லாரையும் காப்பாற்றிவிடும் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிவதுதான் முடிவு. தண்ணீர் திறந்து விட்டதும் சரிதான், தண்ணீருக்காகக் காத்திருந்ததும் சரிதான். இரண்டும் ஒரே நாளில், ஒரே ரேம்ப்பில். எப்போது எது என்று கேட்டால் என்னிடம் சூத்திரம் கிடையாது. கழியால் குத்திப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டுப் பண்டின் மேல் நடந்தேன். இடது பக்கம் ஆறு கரையின் நெற்றி வரை ஏறி நின்றது, நிலா அதில் கிடந்தது. வலது பக்கம், அந்தத் தண்ணீரை விடத் தாழ்வாக, ஆரோக்கியம் வீட்டுப் பந்தலில் வண்ண விளக்குகள் எரிந்தன. யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடினார்கள். நடுவில் மூடிய கதவு. இதை நாங்கள் செய்தோம் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். கேட்க யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் விருந்தில் ஆரோக்கியம் எங்கள் யாரையும் ஓரமாக உட்கார விடவில்லை. சார், ஷோஹேல், நான், மூவரையும் பந்தலின் நடுவில் முதல் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனான். என் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சம். "அக்கா, நேத்து நான் சொன்னது..." என்று இழுத்தான்.

"சோத்தப் போடச் சொல்லு, பசிக்குது" என்றேன்.

அவன் மனைவி பிலோமினா பிரியாணித் தட்டோடு வந்தாள். தட்டை என் முன் வைத்துவிட்டு, குனிந்து காதருகே சொன்னாள். "செருப்பக் கழட்டிட்டு உக்காருக்கா."

எதற்கு என்று புரியாமல் கழற்றினேன். முதல்நாள் முழுதும் சேற்றில் ஊறி வெளுத்துப்போயிருந்த என் கால்களை அவள் வீட்டு வாசலில் ஊன்றினேன்.

தரை காய்ந்திருந்தது.